மிளகுக்குக் கேட்ட ஆதுலர் சாலை

நீர்முகநாடு நிலைபெறுக. நீலாறு பெருகுக, நெற்களமும் உப்பளமும் ஒருசேர நிறைக.

மூன்று புறம் கடலும் ஒரு புறம் மலையும் வேலியாக உடைய நீர்முகநாட்டின் காவலர், புயற்காலத்தும் கொடி இறக்காத மரக்கலங்களுக்கு உரியவர், முல்லைமாடத்து அரியணையில் வீற்றிருக்கும் மாமன்னர் கோப்பெருவிறலர் திருவாய் மலர்ந்தருளியபடி, திருவெழுத்துச் சாலைத் தலைவன் கொற்றன் இளநாகன் எழுதும் ஓலை. வெண்டிரைப்பட்டினத்தில் மிளகும் சங்கும் அகிலும் கொண்டு விற்கும் வணிகக் கணத்தாரும், அக்கணத்துக்குத் தலைமை பூண்டு எட்டி என்னும் பட்டம் பெற்ற வங்கனாரும் இதனைக் காண்க.

ஓலையின் தொடக்கத்தில், பெறுவோருடைய உடல்நலத்தையும் மனைநலத்தையும் வினவுவது இவ்வரசின் வழக்கம். அவ்வரி பொறிக்கப்படும் முன்னரே மன்னர் கையமர்த்தித் தடுத்தார். நலம் என்னும் சொல்லை இந்தக் கணத்தார்க்கு எழுத மனம் ஒப்பவில்லை என்று அருளிச்செய்தார். ஆகவே அவ்வரி இங்கே இல்லை. இவ்வோலையில் வருவோர் பேசிய பேச்சைச் செம்மைசெய்து மெருகிடாமல், பேசியபடியே பொறிக்கவேண்டும் என்பதும் ஆணை. மெருகிட்டால் அதன் நாற்றம் போய்விடும் என்பது மன்னர் கருத்து.

சென்ற கார்ப்பருவத்தில் நீவிர் விடுத்த விண்ணப்பம் மன்னர் திருமுன் படிக்கப்பட்டது. மன்னருடைய முன்னோர் துறைமுகத்தை ஒட்டி எடுப்பித்த ஆதுலர் சாலை, நோயுற்ற ஏழைகள் தங்கி மருந்துண்ணும் அந்த இல்லம், ஊருக்கு ஒரு பயனும் தராமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றும், அங்கே வருவோர் சுமைகாரரும் படகு வலிப்போரும் ஊர்பேர் தெரியாத மாலுமிகளுமே என்றும், அவர்களைக் காத்து ஊர் பெறுவது யாதொன்றும் இல்லை என்றும், அதனை மூடி மிளகுக் கிடங்காக்கிக் கொடுத்தால் அரசுக்கும் கணத்துக்கும் ஆதாயம் பெருகும் என்றும் அதில் எழுதியிருந்தீர். சாலையை நடத்தும் பொறுப்பும், அதற்கென விட்ட விளைநிலமும் பல்லாண்டாக உம்மிடமே இருந்தன என்பதை மட்டும் எழுதாது விட்டீர்.

கிடங்கு பற்றிய பேச்சு ஆகையால், கிடங்கு அறிந்த ஒருவரை அனுப்புவதே முறையென்று கருதி, மன்னர் அதிகாரிச்சி குஞ்சரமல்லியாரை அனுப்பினார். அவர் அரண்மனை மடைப்பள்ளிக்கும் பண்டகசாலைக்கும் மேலதிகாரி, நடுவயதினர், அதிகம் பேசாதவர். அகப்பையைத் தரையில் வைத்து எடுத்தார்கள் என்பதற்காக ஓர் அண்டா பாயசத்தைக் கொட்டச் சொன்னவர். மடைப்பள்ளிப் பெண்டிர் அவருடைய நாவுக்கு அஞ்சுவதைக் காட்டிலும் மூக்குக்கே மிகுதியும் அஞ்சுவர். மிளகின் அருமை தெரிந்தவர், சொன்ன இடத்தில் கையொப்பம் இட்டுவிடுவார் என்று நீவிர் மகிழ்ந்தீர் போலும். அவரை மேளத்தோடு எதிர்கொண்டீர்.

சாலைக்குள் அவர் நுழைந்தபோது சுவரில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. தரை மெழுகியிருந்தது. மூலைக்கு மூலை சாம்பிராணி புகைந்தது. புதிய கோரைப்பாய்களில் சிலர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தனர். சாலையின் மருத்துவர் தோன்றன் தூணோரம் தலைகுனிந்து நின்றார். உங்கள் தலைவர் வங்கனார் முன்னே நடந்து, இந்தச் சிலருக்காகவே இத்தனை பெரிய கட்டடம் வீணாகிறது என்று எடுத்துரைத்துக்கொண்டு வந்தார். அவர் பேச்சினிடையே, படுத்திருந்தவர்களில் ஒருவன் அடக்கமாட்டாமல் தும்மினான். குஞ்சரமல்லியார் அவன் பக்கத்தில் குனிந்தார்.

"உனக்கு என்ன உடம்புக்கு?"

"காய்ச்சலுங்க, தாயி."

அவர் புறங்கையை அவன் நெற்றியில் வைத்தார். குளிர்ந்திருந்தது. போர்வையைக் காலடியில் சற்று விலக்கினார். விரலிடுக்குகளில் மிளகுத்தூள் கருகருவென்று படிந்திருந்தது.

"கிடங்கு வேலையா?"

அவன் வங்கனாரைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "ஆமாந் தாயி. இன்னைக்கு மட்டும் இங்க படுக்கச் சொன்னாங்க. சோறு போட்டாங்க."

"சரி, எழுந்து போ. பாயைச் சுருட்டாதே. அப்படியே கிடக்கட்டும்."

அந்த ஏழையின்மீது அவருக்குச் சினம் எழவில்லை. பாய்மேல் கிடந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, வங்கனார் முகத்தைப் பாராமல் வெளியேறினர். சாலை வெறுமையானதும், அத்தனை சாம்பிராணிக்கும் அடியில் வேறொன்று மணப்பதைக் குஞ்சரமல்லியார் உணர்ந்தார். அழுகிய இறைச்சியின் வாடை அது. பண்டகசாலையில் எலி செத்தால் எந்த அடுக்கின் கீழ் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்பவர் அவர். பின்கதவைத் திறக்கச் சொன்னார்.

"அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல அம்மா. பழைய படகுக் கொட்டில். பாம்பு கெடக்கும்," என்றார் வங்கனார்.

"நான் பண்டகசாலைக்காரி. பாம்பு பார்த்திருக்கேன். திறங்க."

மேன்மை பொருந்திய கணத்தீர், அக்கதவுக்கு அப்பால் இருந்ததை நீவிர் அறிவீர். ஆயினும் இவ்வோலை பொது அவையில் படிக்கப்படும் ஆதலால் எழுதுகிறோம். உடைந்த படகுகளைக் கவிழ்த்து, அவற்றின் கீழும் இடையிலும் நோயாளரைக் கிடத்தியிருந்தீர். பாய் இல்லை, கிழிந்த மிளகுச் சாக்குகள் இருந்தன. வயிற்றுப்போக்கு கண்டவர்கள் கிடந்த இடத்திலேயே கழித்து, அதிலேயே கிடந்தனர். புண் கழுவுகிற பானையும் குடிக்கிற பானையும் ஒன்றாகவே இருந்தது. அதன் விளிம்பில் ஈக்கள் கறுப்பு வளையம்போல் அப்பியிருந்தன. அந்த நீரை இறைத்த கிணற்றுக்கு மலங்கழிக்கும் மறைப்பிடத்திலிருந்து கழிவு ஓடிவரும் வாய்க்கால் கண்ணுக்கு நேரே தெரிந்தது. புளித்த கஞ்சியில் நெளிந்தவற்றைக் குஞ்சரமல்லியார் முதலில் சீரகம் என்று எண்ணினார். உயிரோடு இருந்த இருவர்க்கு நடுவே உயிர் போன ஒருவர் கிடந்தார். எடுத்துப்போக ஆள் வராததால், அவ்விருவரில் ஒருவர் அவர் முகத்தில் தம் மேல்துணியைப் போட்டு வைத்திருந்தார்.

அதிகாரிச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். நிமிர்ந்தபோது வங்கனார் ஒரு கைத்துணியை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் மூக்கில் இன்னொரு துணி இருந்தது. இரண்டும் பன்னீரில் நனைத்து, மடித்து, இடுப்பில் செருகிவந்தவை. இங்கே என்ன மணக்கும் என்று தெரிந்தே, தமக்கொன்றும் வருபவர்க்கொன்றுமாக அவர் எடுத்துவந்திருக்கிறார். கொட்டிலில் கண்ட எதைக் காட்டிலும் அந்தப் பன்னீர்த்துணிதான் தமக்கு அருவருப்பாக இருந்தது என்று குஞ்சரமல்லியார் பின்னர் மன்னரிடம் சொன்னார். அதை அவர் வாங்கவில்லை. முன்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

கவிழ்ந்த படகொன்றின் கீழிருந்து யாரோ அவர் புடைவை ஓரத்தைப் பற்றினார். அவள் பெயர் கயலி. துறையில் பொதி சுமப்பவள். வங்கனாருடைய கலத்திலிருந்து மிளகுப்பொதி இறக்கும்போது பொதியடுக்குச் சரிந்து அவளுடைய கால்மேல் விழுந்தது. நசுங்கிய காலைச் சாக்கினால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்தச் சாக்கில் வங்கனாருடைய கலச்சின்னமாகிய மகரமீன் அச்சுக் குத்தியிருந்தது. அதை அவிழ்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. புண்ணுக்குள் புழு இருந்தது.

"தண்ணி வேணாம்மா," என்றாள் கயலி. "அந்தப் பானைத் தண்ணி வேணாம். வேற இருந்தா குடுங்க."

குஞ்சரமல்லியார் முன்தானையை இழுத்துச் செருகினார். தம்முடன் வந்த பல்லக்குச் சுமப்போரைக் கூப்பிட்டார். மருத்துவர் தோன்றன் அதற்குள் ஓடிவந்து கயலியின் தோளைப் பிடித்திருந்தார். வங்கனார் தடுத்து, மெழுகின தரை பாழாகும் என்றார். அதிகாரிச்சி அவரைக் கடந்து நோயாளரைத் தூக்கச் சொன்னார். கிடங்கு ஆட்கள் படுத்து நடித்த புதுப்பாய்களில், கொட்டிலில் கிடந்தோர் அனைவரும் பொழுது சாயுமுன் கிடத்தப்பட்டனர். கணத்தாருடைய விருந்துக்கென வைத்திருந்த பானைகளில் நீர் காய்ந்தது. பல்லக்குத் திரைச்சீலைகளைக் கிழித்துப் புண்ணுக்குக் கட்டினார்கள்.

தோன்றன் வேலை செய்துகொண்டே பேசினார். "நான் கேட்காம இல்லம்மா. துணி கேட்டேன். நெய் கேட்டேன், விறகு கேட்டேன். சல்லிய மருத்துவர் போன பிறகு அந்த எடத்துக்கு ஆள் கேட்டேன். ஆதாயம் என்னன்னு எழுதிக் குடுன்னாங்க. எனக்கு அப்படி எழுத வரல. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டேன்."

கத்தியால் அறுத்துக் கட்டும் சல்லிய மருத்துவர் பட்டினம் முழுவதிலும் ஒருவரும் இல்லை. கயலியின் காலை முழங்காலுக்கு மேல் எடுத்தால் உயிர் நிற்கும். எடுக்கத் தெரிந்தவர் இல்லை. குஞ்சரமல்லியார் அயல்துறையாகிய கீழைமுனைக்கு ஆள் விரட்டினார். விரைவுப்படகு போயிற்று. கயலி காய்ச்சலில் பிதற்றாத வேளைகளில் தெளிவாகவே இருந்தாள். பாயைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"கோரை வாசம் வருதும்மா. புதுசா இது?"

"ஆமா, புதுசுதான்."

"யாருக்கு வாங்கினது?"

குஞ்சரமல்லியார் வெந்நீர்க் கிண்ணத்தை எடுத்தார். உனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம், அது பொய். உன் பொதிக்காரர் எனக்குக் காட்டுவதற்காக வாங்கினது என்பதே மெய். அந்த மெய்யை அவளிடம் சொல்ல அருவருப்பாக இருந்தது. அவள் வாயில் வெந்நீரைத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கயலி இறந்தாள். சல்லிய மருத்துவரை ஏற்றிவந்த கலம் அதற்குப் பின்னரே துறையை அடைந்தது. வந்தவர் பெட்டியைத் திறவாமல் அவளைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுடைய புண்களைப் பார்க்கப் போனார். அவரை ஏற்றிவந்த மரக்கலத் தலைவன் உசிதன் என்பவன், சாலைப் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்திருந்த அதிகாரிச்சியிடம் வந்தான்.

"இந்தத் துறைல கால் வச்சு எத்தனையோ பருவம் ஆச்சும்மா," என்றான் அவன். "முன்ன எங்க கலமெல்லாம் இங்கதான் கட்டுவோம். இப்ப ஆளுங்க எறங்க மாட்டேங்கறாங்க. கீழைமுனைல கை கால் ஒடிஞ்சா கட்டுப் போடுறாங்க. காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுக்கறாங்க. இங்க சாக்கைப் போட்டு மூடுறாங்க. நான் வம்பு பண்ணி இங்க கட்டினா, மறுநாள் பாய்மரம் ஏத்த எனக்கு ஆள் இருக்காது."

குஞ்சரமல்லியார் எழுந்து அவனோடு துறையைச் சுற்றிப் பார்த்தார். கலம் கட்டும் கல்தூண்கள் பாசி பிடித்து நின்றன. கயிறு உரசிய தடம் சிலவற்றில் மட்டுமே இருந்தது. சுமைகாரர் சேரியில் பாதிக் குடிசைகளுக்குக் கதவு இல்லை. கைதேர்ந்த சுமைகாரர் குடும்பத்தோடு கீழைமுனைக்குப் பெயர்ந்துவிட்டனர். எஞ்சியவர்கள் பொதி கட்டத் தெரியாதவர்கள். பொதி சரிவதும் சரக்கு நனைவதும் அன்றாடமாகிவிட்டது. மிளகு வைக்க இடமில்லை என்று நீவிர் விண்ணப்பித்தீர். வாங்கிச் செல்லக் கலம் வராததால் மிளகு தேங்கிக் கிடக்கிறது என்பதை உம் கிடங்குகளின் வாயிலிலேயே அவர் கண்டார். பழைய மிளகில் பூசணம் பூத்திருந்தது.

அரண்மனைக்குத் திரும்பியதும், ஆதுலர் சாலையைச் செப்பனிடுவதற்கான வழக்கை அவர் எழுத உட்கார்ந்தார். கொட்டிலைப் பற்றி எழுதினால் உள்ளம் உள்ளவர் உருகுவர் என்பது அவர்க்குத் தெரியும். கணத்தார் உருகமாட்டார்கள் என்பதும் தெரியும். எனவே உமக்குப் புரியும் மொழியில் எழுதினார். நோயாளி என்று எழுதவேண்டிய இடத்தில் சுமைகை என்றும், சாவு என்று எழுதவேண்டிய இடத்தில் ஆட்குறைவு என்றும் எழுதினார். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது. ஒவ்வொரு வரியையும் முடித்ததும் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார் என்று அவருடைய பணிப்பெண் சொன்னாள்.

பேரவை கூடிய நாளில் வங்கனாரும் கணத்தாருள் முதன்மையானவர்களும் வந்திருந்தீர். மருத்துவர் தோன்றனும் இருந்தார். குஞ்சரமல்லியார் தம் வழக்கை எடுத்துரைத்தார். கலங்கள் காற்றைப் பார்த்து மட்டும் துறையைத் தேர்வதில்லை என்றும், ஆள் இறங்க இசையும் துறையையே தேர்கின்றன என்றும் சொன்னார். சாலையில் நல்ல கிணறு ஒன்று மேட்டில் வெட்டி, கழிவு வாய்க்காலைக் கடற்பக்கம் திருப்பி, இன்னொரு மருத்துவரைச் சேர்த்து, சல்லிய மருத்துவரையும் மருந்து காய்ச்சும் பெண்டிரையும் அமர்த்தி, இறந்தவர் பாயை எரித்துப் புதுப்பாய் இட்டால், உசிதனைப் போன்ற கலத்தலைவர்கள் திரும்பி வருவதாக வாக்களித்திருக்கிறார்கள் என்றும், அவ்வாக்குக்கு அவர்கள் இட்ட கைச்சாத்து தம்மிடம் உள்ளது என்றும் சொன்னார். இதற்கெல்லாம் வேண்டிய பொருள், இறங்கும் பொதிக்கு ஒரு கைப்பிடிச் சரக்கு வைத்தாலே கிடைக்கும் என்றார். கலங்கள் திரும்பும் முதற்பருவத்திலேயே அதைப்போல் பலமடங்கு கணத்தார் பெறுவர் என்று முடித்தார்.

வங்கனார் ஒவ்வொன்றுக்கும் விடை வைத்திருந்தார். ஒரு சுமைகாரர் போனால் வேறொருவர் வருவார் என்றார். கீழைமுனைக்குப் போன கலம் காற்று மாறினால் தானே திரும்பும் என்றார். மழைக்காலந்தோறும் காய்ச்சல் வணிகர் தெருவுக்கும் பரவுகிறதே என்று அதிகாரிச்சி கேட்டபோது, நாங்கள் அப்பருவத்தில் மலைத்தோட்டத்து வீடுகளுக்குப் போய்விடுவோம், எங்களுக்கு அதனால் இடரில்லை என்றார். ஆயினும் கணத்தாருள் கலம் உடையோர் சிலர் மெல்லத் தலையசைக்கத் தொடங்கினர். ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், கைப்பிடிதானே, கொடுத்துவிடலாம் என்று முணுமுணுத்தது கேட்டது. வழக்கு வென்றுகொண்டிருந்தது. அந்தத் தலையசைப்பைக் கண்டதும், கொட்டில் சுவரோரம் செய்ததுபோலவே குஞ்சரமல்லியார் முன்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மன்னர் அவரை நோக்கி ஒரு கேள்வி கேட்டருளினார். கொட்டிலில் நீ பலரைக் கண்டாய் என்று அறிகிறோம். இத்தனை நேரம் பேசியும் அவர்களில் ஒருவர் பெயரையும் நீ சொல்லவில்லையே, ஏன் என்பது அக்கேள்வி.

அதிகாரிச்சி கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தார்.

"ஒருத்தி இருந்தா, அரசே. பேரு கயலி. வேணும்னுதான் விட்டுட்டேன்," என்றார். "அவளைச் சொல்லியிருந்தா அவளுக்கும் ஒரு விலை கேட்டிருப்பாங்க. நானும் சொல்லியிருப்பேன். இவங்க ஒத்துக்கணுமேன்னு, அவ காலு எத்தனை பொதி சுமக்கும்னு இங்க நின்னு கணக்குச் சொல்லியிருப்பேன். இது வரைக்கும் சொன்னதே எனக்குப் பிடிக்கல. ஒரு மனுசி சாகாம இருக்கறதுக்கு, அவ இருந்தா யாருக்கு என்ன லாபம்னு காட்டணுமாம். அதைக் கேக்கறவங்களையும் பிடிக்கல. காட்டின என் வாயையும் பிடிக்கல."

மன்னர் கேட்க, அவர் கயலியின் கதையை முழுவதும் சொன்னார். சாக்கையும், புழுவையும், கோரைப்பாயை அவள் தடவிப் பார்த்ததையும், யாருக்கு வாங்கியது என்று கேட்டதையும் சொன்னார். தோன்றன் தூணில் முகத்தை வைத்துக்கொண்டார். தலையசைத்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தாழ்த்தினர்.

வங்கனார் மட்டும் எழுந்தார். அவர் பேசியது பேசியபடியே இங்கே பொறிக்கப்படுகிறது.

"அரசே, இதுல ஒரு பக்கம்தான் சொல்றாங்க. அந்தப் பொண்ணு ஏறக்கூடாத எடத்துல ஏறி நின்னா. அதனாலதான் பொதி சரிஞ்சுது. அன்னைக்குக் கடல்ல கொட்டின மிளகு எவ்வளவுன்னு யாராவது கேட்டாங்களா? நான் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?"

மன்னர் தாம்பூலம் தரித்திருந்தார். அதைப் படிக்கத்தில் உமிழ்ந்தார். பணியாள் நீட்டிய புதிய வெற்றிலையையும் விலக்கினார். அன்று மாலைவரை அவர் வாயில் எதுவும் வைக்கவில்லை. பிறகு எழுத்துச்சாலையாரை அழைத்து, பின்வருமாறு அருளிச்செய்தார்.

குஞ்சரமல்லியார் காட்டிய ஆதாயம் மெய்யே. அது கணத்தார்க்குக் கிட்டும். அதைக் கணத்தார் பெற்றுக்கொள்க. ஆயினும் அந்த ஆதாயம் காரணமாக இவ்வாணை பிறக்கவில்லை. மறுபருவம் கலங்கள் வராமற்போனாலும், மிளகு விலை வீழ்ந்தாலும், துறையே மணல்மூடினாலும் இது மாறாது என்பதற்காகவே இதனைத் தனித்துச் சொல்கிறோம்.

ஆதுலர் சாலை மூடப்படாது. அதற்கென விட்ட நிலம் கணத்தாரிடமிருந்து மீட்கப்பட்டு, சாலையின் பெயரிலேயே நிற்கும். பொதிக்கு ஒரு கைப்பிடிச் சரக்கு துறையிலேயே அளந்து சாலைக்குச் சேரும். அளக்கும் கை சுமைகாரருடைய கையாக இருக்கும். படகுக் கொட்டில் இடிக்கப்பட்டு, அந்த மண் முழங்கால் ஆழம் தோண்டி அகற்றப்படும். அந்த வேலைக்குக் கூலியாள் அமர்த்தலாகாது. கணத்தார் மண்வெட்டி பிடிக்கக் கடவீர். மூக்குக்குத் துணி கட்டிக்கொள்ளத் தடையில்லை, பன்னீர் ஆகாது.

மருத்துவர் தோன்றன் கேட்பதைக் கேட்ட அன்றே கொடுக்கவேண்டும். துணியோ நெய்யோ விறகோ அவர் கேட்டால், எதற்கு என்று வினவலாம். என்ன ஆதாயம் என்று வினவலாகாது. இந்நாட்டில் எந்த ஊரிலும், எந்த அவையிலும், நோயுற்ற ஒருவரைக் காப்பதனால் ஊர் பெறுவது என்ன என்று எழுதிக் காட்டும்படி இனி எவரும் எவரையும் பணிக்கலாகாது. பணித்தவர் அவையிலிருந்து நீங்குவர்.

இவ்வோலையை வங்கனாரே துறைமேட்டில் நின்று, சுமைகாரரும் படகு வலிப்போரும் கூடிய வேளையில், உரத்த குரலில் படிக்கக் கடவர். கயலியின் பெயர் வரும் இடங்களில் விரைந்து போகலாகாது. மிளகைப் பற்றித் தாம் பேசியதைத் தம் வாயாலேயே, தாம் பேசியபடியே படிக்கவேண்டும்.

இப்பணிகள் முடியும்வரை மேற்பார்வை பூண்டு அதிகாரிச்சி குஞ்சரமல்லியார் இவ்வோலையோடு வருகிறார். மன்னர் அவர்க்குப் பரிசிலாக முத்துவடம் அளிக்க முற்பட்டபோது, கொட்டிலை இடித்துப் புதுக்கிணற்றில் நல்ல தண்ணீர் கண்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மறுத்துவிட்டார். அவர் சொல் அரசர் சொல்லாகக் கொள்ளப்படும்.

முடிவாக ஒன்று. வணிகக் கணத்தாரோ, அவர்தம் மனைவி மக்களோ, எந்த நோயால் எந்த வேளையில் துன்புற்றாலும், மனைக்கு மருத்துவரை அழைத்துக்கொள்வதும் மலைத்தோட்டத்துக்கு ஒதுங்கிக்கொள்வதும் இன்றோடு நின்றன. துறைமுகத்து ஆதுலர் சாலைக்கே வருக. முன்னே வந்தவர் யாராயினும் அவர்க்குப் பின்னே நிற்க. அங்கே எல்லார்க்கும் காய்ச்சுவதையே குடிக்க, எல்லார்க்கும் விரிப்பதையே விரித்துப் படுக்க. அந்தப் பாயும் தண்ணீரும் எப்படி இருக்கவேண்டும் என்பதை இனி நீவிரே தீர்மானிப்பீர்.

மரக்கல முத்திரை மன்னர் கையாலேயே இதன்மேல் பதிக்கப்பட்டது. படித்த அப்பொழுதே இது நடைமுறை ஆகுக. கேட்டார் அனைவரும் சான்றாகுக.